பதினெட்டு

கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. டிரைவரை நம்பாமல் பில் பிரிண்டருக்கு பைட்டுகளை நேராகவே அனுப்பிவிடுவேன். விண்டோஸில் 'ரைட்பிரிண்டர்' வெற்றி என்று சொன்னால், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் சரக்கை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். காகிதம் வெளியே வந்ததா என்பது அதற்குத் தெரியாது. பிரிண்டரையே கேட்க வேண்டும். எப்சன் வகுத்த கட்டளை முறையில் 16, 4, 4 என்று மூன்று பைட் அனுப்பினால், காகிதம் இருக்கிறதா என்பதற்கு ஒரே ஒரு பைட் பதிலாக வரும். காகிதம் குறையில்லாமல் இருந்தால் பூஜ்யம் வரும் என்றுதானே நினைப்போம்? 18 வரும். எட்டு பிட்டில் இரண்டு எப்போதும் 1, இரண்டு எப்போதும் 0. 'குறை ஒன்றுமில்லை' என்பதையும் கேபிள் கழன்று கிடக்கும் மௌனத்தையும் ஒன்றாக நினைக்க வழியே இல்லை.

சன்னிதியில் சாமியின் முடிவை அறியப் பூக் கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த 18 ஞாபகம் வரும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் இரண்டில் ஒன்று வந்தே தீரும். பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைக்கூட நாம் சாமிக்கு விட்டுவைக்கவில்லை.

அப்பத்தாவிடம் சொன்னேன். "அடப் போடா, சாமி இருக்கான்னு பாக்கவா பூப் போடுறோம்? அண்ணன் தம்பி ஒரு பேச்சுக்குக் கட்டுப்படணும்ல" என்றாள்.

நியாயம்தான். ஆனால் கட்டுப்படுவதற்குப் பூ எதற்கு? திருமயத்தில் கோட்டை மலையடியில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் ஒட்டியே இருக்கின்றன. இரண்டுக்கும் வழக்கு முற்றியபோது, 1245இல் ஒரு ஹொய்சளத் தளபதி முன்னின்று சமரசம் செய்துவைக்க, அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். சாமிகளின் வழக்கையே மனிதர்கள் பேசித் தீர்த்த ஊர் இது.

அந்தப் பெருமாள் கோயில் குகைக்குள் பள்ளிகொண்ட திருமெய்யர் முன்னால் நின்று நான் எதையும் கேட்பதில்லை. வீட்டுக் கதை, கடன் கதை எல்லாம் சொல்வேன், வந்துவிடுவேன். பதில் வராத இடத்தில் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நண்பர்கள் மடக்குகிறார்கள். பில் வந்ததா என்று பார்க்காமல் விட்டால் கடைக்காரர் சட்டையைப் பிடிப்பார். அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும். பெருமாளோடு எனக்கு அந்த மாதிரிக் கணக்கு இல்லை. சொல்ல வேண்டும்போல் இருக்கிறது, சொல்கிறேன்.