பத்தாவது அசிஸ்ட்

அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது எனக்கு ஒரு பகுதிநேர வேலை கிடைத்தது. பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டங்களில் மைதானத்தோர மேசையில் உட்கார்ந்து புள்ளிவிவரம் ஏற்றுவது. பக்கத்தில் ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் லேப்டாப்பில் தட்டுவேன். எங்களுக்கு மேலே இருந்தவர் அந்தக் கல்லூரி அணிகளின் ஊடகத் தொடர்பாளர். அங்கே ஸ்போர்ட்ஸ் இன்ஃபர்மேஷன் டைரக்டர் என்பார்கள். 1957லிருந்தே இவர்களுக்கென்று தனிச் சங்கம் உண்டு.

இந்த வேலையில் ஒரு விசித்திரம். ஆட்டத்தின் அதிகாரபூர்வக் கணக்கைக் காப்பவரும் அவர்தான், அணியின் புகழைப் பரப்புகிறவரும் அவர்தான். கணக்குப்பிள்ளையும் விளம்பரக்காரரும் ஒரே நாற்காலியில்.

எண்ணில் என்ன பெரிதாக ஏமாற்றிவிட முடியும்? முடியும். கூடை விழ நேரடிக் காரணமான பாஸுக்கு அசிஸ்ட் என்று பெயர். பாஸை வாங்கியவர் பந்தை இரண்டு தட்டு தட்டி, ஒருவரை ஏய்த்துவிட்டுப் போட்டால் அது அசிஸ்டா? பதிவாளரின் தீர்ப்புக்கே விதி அதை விட்டுவிடுகிறது. பதிவாளரோ உள்ளூர்க் கல்லூரியின் ஆள்.

ஓர் இரவு எங்கள் பையன் ஒருவன் 9 அசிஸ்டில் நின்றான். இன்னும் ஒன்று வந்தால் ட்ரிபிள் டபுள். தோற்கப்போகிற ஆட்டம்; அரங்கமே அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருந்தது. கடைசி நிமிடத்தில் பாஸ் கொடுத்தான். வாங்கியவன் நின்று, போக்குக் காட்டி, திரும்பிப் போட்டான். ஒரே ஆரவாரம். நாங்கள் எல்லோரும் டைரக்டரைப் பார்த்தோம்.

"இல்ல. அது அவனா எடுத்துக்கிட்டது."

பிறகு கேட்டேன்: "குடுத்திருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"நாளைக்கு ஒருத்தனுக்கு நெஜமாவே பத்து வரும். அதை யார் நம்புவா?"

அன்றிரவே அவர் எழுதிய செய்திக்குறிப்பில் முதல் பத்தி முழுக்க அந்தப் பையன். தோல்வி மூன்றாம் பத்தியில். பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு உறுத்தியது.

இந்தத் தொழில் அதைவிடவும் தூரம் போயிருக்கிறது. 1970இல் நோத்ர டாம் பல்கலைக்கழகத்தின் டைரக்டர் ரோஜர் வால்டிசேரி, தங்கள் கால்பந்து வீரர் ஜோ தீஸ்மனின் பெயரை 'தைஸ்மன்' என்று உச்சரிக்க வைத்தார். ஹைஸ்மன் விருதுக்கு எதுகை! விருது ஜிம் பிளங்கெட்டுக்குப் போனது. தைஸ்மன் மட்டும் தைஸ்மனாகவே நின்றுவிட்டார்.

அப்படியானால் அந்த டைரக்டரின் நேர்மை அரைகுறையா? பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. செய்திக்குறிப்பின் தலையிலேயே கல்லூரிச் சின்னம் இருக்கிறது. படிப்பவர் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிப்பார். கணக்குத் தாளை யாரும் கழித்துப் படிப்பதில்லை. ஒரு பக்கம் சாய்வது குற்றமில்லை. சாயாததுபோலத் தோன்றும் இடத்தில் சாய்வதுதான் குற்றம்.

இது எனக்குப் புரிந்தது என் சொந்தத் தவறால். போன வருடம் எங்கள் சர்வர் படுத்தபோது, வாடிக்கையாளர்களுக்கான அறிக்கையை நான்தான் எழுதினேன். 'சில பயனர்களுக்குத் தாமதம் ஏற்பட்டது.' லாக்கில் இருந்தது கிட்டத்தட்ட பாதிப் பேர். 'சில' பொய்யில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். கணக்குத் தாளின் உடுப்பில் செய்திக்குறிப்பை அனுப்பியிருந்தேன்.

திருத்தம் எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.