அலையும் அச்சமும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பிரித்தானியாவின் பேர்மிங்காம் நகரிலே, கொரோனா நோயாளருக்கென அவசரமாக அமைக்கப்பட்ட மருத்துவமனைக்குத் தொடர்பு வசதி அளித்துவந்த தொலைபேசிக் கோபுரமொன்று தீக்கிரையாக்கப்பட்டது. அந்நாட்களில் அந்நாட்டில் அவ்வாறு எரிக்கப்பட்ட கோபுரங்கள் பல. ஐந்தாந் தலைமுறைக் கைத்தொலைபேசி அலைகளே நோய்க்குக் காரணம் என்ற வதந்தி எங்கும் பரவியிருந்தது. நோயாளியின் அருகே உறவினர் செல்ல இயலாதிருந்த காலம் அது. கட்டிலிற் கிடந்தவருக்கும் வீட்டிலிருந்தவருக்கும் இடையே எஞ்சியிருந்த பாலம் ஒரு தொலைபேசிக் குரல்தான்.

நமது மண்ணும் இவ்வச்சத்துக்கு விலக்கன்று. 2019இல் யாழ்ப்பாண நகரில் ‘ஸ்மார்ட்’ விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, அவை வெறும் விளக்குக் கம்பங்களல்ல, கதிர் வீசும் கோபுரங்களே என அஞ்சி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2022இன் தொடக்கத்தில் எமது அயலில் வாழும் மூதாட்டி ஒருவரும், தம் வீட்டு மதிலையடுத்து நிற்கும் கோபுரத்தைக் காட்டி, “மாஸ்ரர், உந்தக் கம்பத்திலையிருந்து வாறது என்ரை மண்டையைத் துளைக்குது. இரவிலை கண் மூடேலாமல் கிடக்கு” என்று முறையிட்டார். மறுநாள் ஆசிரியர் அறையில் இதனைக் கூறி நாம் சிரித்தோம். அச்சிரிப்பை மறக்க முடியாமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

விஞ்ஞானம் கூறுவதை முதலிற் சொல்லிவிடுவோம். கோபுரத்து அலையும், சூரிய ஒளியும், எக்ஸ் கதிரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறுபாடு அதிர்வெண்ணிலே உள்ளது. எக்ஸ் கதிர் அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்த்தெறிய வல்லது. அதனாலேயே அது உயிர்க்கலத்தைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வித்திடக்கூடும். ஐந்தாந் தலைமுறையிற் பெரிதும் வழங்கும் அலை செக்கனுக்கு ஏறத்தாழ 350 கோடி தடவை அதிர்கின்றது. பெரிய எண்தான். எனினும், அதன் சக்திச்சொட்டு ஒன்று, நாம் புத்தகம் படிக்கும் விளக்கொளியின் சொட்டு ஒன்றில் இலட்சத்தில் ஒரு பங்கும் இல்லை. மிகையாகப் பாய்ந்தால் அது உடலின் இழையத்தைச் சூடாக்கும். அதனைத் தடுக்கவே வரம்புகள் விதிக்கப்பட்டுள்ளன. 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இவ்வலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி தொகுதியிற் சேர்த்தது உண்மையே. அச்சத்தை வளர்ப்போர் இதனை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஆசிய நாடுகளின் மரக்கறி ஊறுகாயும் அதே தொகுதியில் உள்ளதென்பதை மட்டும் சொல்லார். உலக சுகாதார நிறுவனம் வேண்டிச் செய்யப்பட்டு 2024இல் வெளியான விரிவான மீளாய்வு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதனையும் காணவில்லை.

இவ்வளவையும் கூறியதும் நமது கடமை தீர்ந்துவிடுகின்றதா?

அலையினால் நோயுறுகின்றோம் என்போரைக் கொண்டு நடத்தப்பட்ட 31 பரிசோதனைகளை ஆய்வாளர்கள் 2005இல் ஒருங்கே தொகுத்து நோக்கினர். அலை பாய்கின்றதா இல்லையா என்பது மறைக்கப்பட்டபோது, பெரும்பாலான பரிசோதனைகளில் அவர்களால் அதனைப் பிரித்தறிய இயலவில்லை. ஏனையவற்றின் முடிவுகளும் உறுதிபெறவில்லை. ஆனால், ஒன்றுமே பாயாத வேளையிலும் அவர்களுக்குத் தலை நொந்தது. அது நடிப்பன்று. அஞ்சிய மனம் உடலில் நோவைப் பிறப்பிக்கும். நோவு மெய், சொல்லப்பட்ட காரணம் பொய். காரணம் பொய்யென்றமையால் நோவும் பொய்யென முடிவுகட்டுவதிலேயே படித்தவர்களாகிய நமது தவறு தொடங்குகின்றது.

அச்சத்துக்கு வரலாறும் உண்டு. 1953 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக, மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின்மீது சோவியத் தரப்பினர் நுண்ணலைகளைப் பாய்ச்சிவந்தனர். அதனை அறிந்திருந்த வாஷிங்டன் அரசு, அங்கு பணியாற்றிய ஊழியருக்கு 1976 வரை அறிவிக்கவில்லை. அவ்வலைகளால் உடல்நலம் கெட்டதென்பதற்குத் தக்க சான்று இல்லையென 1978இல் ஓர் ஆய்வு கூறிற்று. கூறியென்ன? மறைத்தவரே சமாதானம் சொல்லவந்தால் அதனை நம்புவார் யார்? பாய்ச்சியது சோசலிச அரசு, மறைத்தது முதலாளித்துவ அரசு. ஊழியனை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று இரண்டுக்கும் தோன்றவில்லை. நம்மவருட் சிலர் இதிற் பாதிக் கதையை மட்டும் சொல்லும் வழக்கமுடையவர்.

மூதாட்டியிடம் மீள்வோம். 2022 மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நாடு இருளில் மூழ்கியிருந்தபோது, ஓரிரவு அவர் வீட்டு விறாந்தையில் இருக்க நேர்ந்தது. மின்சாரம் நின்ற சிறிது நேரத்தில், மதிலுக்கப்பால் கோபுரத்தின் மின்பிறப்பாக்கி உறுமத் தொடங்கிற்று. அவரது படுக்கையறை யன்னல் அதற்கு நேரெதிரே இருந்தது. டீசற் புகை மெல்ல மெல்ல வீட்டை நிறைத்தது. எமக்கும் தலை இடித்தது. மேற்சொன்ன அதே முகவரகம், டீசல் இயந்திரப் புகையை, புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்னும் முதலாந் தொகுதியில் 2012இலேயே சேர்த்துவிட்டது. 2பியைப் பற்றி வகுப்பறையில் விளக்கம் பேசிய நாம், முதலாந் தொகுதி அயல்வீட்டு யன்னலால் நுழைவதை அறியாதிருந்தோம்!

ஊரின் பேச்செல்லாம் அலையைப் பற்றியதாகவே இருந்தமையால் மூதாட்டியும் அலையையே பழித்தார். கோபுரத்தை நிறுவியோருக்கும் அது வசதியாகவே இருந்தது. அலையைப் பற்றிக் கேட்பவருக்குக் காட்ட அவர்களிடம் அளவீட்டுச் சான்றிதழ் இருந்தது. மின்பிறப்பாக்கியைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

மனு எழுத அமர்ந்தோம். “அலையையும் சேர்த்து எழுதுங்கோ, மாஸ்ரர்” என்றார். மறுத்தோம். மறுப்பதன் காரணத்தை ஒரு மணிநேரம் விளக்கினோம். முற்றாக ஏற்றாரில்லை, எனினும், புகை, இரைச்சல், யன்னலுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள இடைத்தூரம் ஆகியவற்றை மட்டும் கூறிய மனுவில் ஒப்பமிட்டார். அயலவர் பதினொருவரும் உடன் ஒப்பமிட்டனர். நான்கு மாதங்களின் பின் இயந்திரம் வளவின் மறுகோடிக்கு மாற்றப்பட்டது. இப்பொழுது இரவில் உறக்கம் வருகின்றதாம். கோபுரத்தைக் கடக்கும்போது மட்டும் சேலைத் தலைப்பால் இன்றும் தலையை மூடிக்கொள்கின்றார்.