உளியும் உள்ளமும்



கைத்தொழில் யாதாயினும், அதனை விரும்பித் தொடங்கினார்க்கு என்றேனும் ஒருநாள் அவ்விருப்பம் அற்றுப்போதல் உலகியல்பு. தொடங்கும்போது மலைபோல் எழுந்த ஊக்கம், ஒரு பிழை நேர்ந்தவுடன் பனிபோல் மறைகின்றது. மறைந்த ஊக்கம் தானே மீளுமோ, அன்றி நாம் மீட்டல் வேண்டுமோ? இவ்வினாவை மாணாக்கர் பொருட்டுப் பன்முறை கேட்டிருக்கின்றோம். எம் பொருட்டே கேட்க நேர்ந்த காலமும் ஒன்று வந்தது. அதனையே இங்கு விண்ணப்பஞ் செய்கின்றோம்.

யாம் இளமையிற் கற்றது மிசன் பாடசாலையொன்றிலே. அங்கே வேதாகம வகுப்பு முடிந்தவுடன் மரவேலை வகுப்பு நடக்கும். முன்னையது எம்மைச் சார்ந்திலது. பின்னையதோ எம் கையைப் பற்றியது இன்றுவரை விட்டிலது. ஆசிரியத் தொழிலில் அமர்ந்தபின், சைவப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் சமயபாடமும் கற்பித்து எஞ்சிய நேரத்திலே, உளி பிடிக்கவும் வாள் இழுக்கவும் கற்பித்து வந்தோம்.

2023ஆம் ஆண்டு மாசி மாசத்திலே, எம் ஊர்க் கோயிலிற் புராணபடனம் நிகழும்போது ஏட்டை வைத்தற்கு ஒரு வியாசபீடம் செய்து கொடுக்கக் கருதினோம். அது ஒரே பலகையிற் செய்யப்படுவது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பலகையின் நடுவே கீல் விரல்களை ஒன்றுக்கொன்று மாறாக உளியால் அறுத்து, பின்பு இரு தலைப்பிலிருந்தும் பலகையின் கனத்தை வாளால் இரண்டாகப் பிளந்து வரின், இரு பாதியும் தம்முட் கோத்தபடியே விரிந்து நிற்கும். கண்டோர் வியப்பர், செய்வோர் வியர்ப்பர்.

அயல் வீட்டிலே தறித்த பலாமரத்தின் பலகையொன்று கிடைத்தது. அது வாளுக்கு வந்து மூன்று மாசமும் நிரம்பியிலது. ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு காற்றில் உலர்த்துக என்பது தச்சுத்தொழில் கற்பிப்போர் பொதுவாகச் சொல்லுங் கணக்கு. அக்கணக்கை வகுப்பிலே கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர் யாமே. எனினும் திருவிழாவுக்கு முன் முடித்தல் வேண்டுமென்னும் அவசரத்தால் அதனை மறந்தோம். ஈரம் நீங்கும்போது மரம் நீளவாட்டிற் சுருங்குவது மிக அற்பம், குறுக்குவாட்டிலேதான் சுருங்கும். அக்குறுக்குவாட்டிலும், வளையங்களின் போக்கிற் சுருங்குவது நடுவிலிருந்து புறம்நோக்கிச் சுருங்குவதினும் ஏறக்குறைய இருமடங்கு. ஆதலின் பலகை ஒருபுறம் இழுக்க ஒருபுறம் நெகிழும். பங்குனி வெயில் ஏறியது. முக்காற்பங்கு முடிந்திருந்த பீடம், ஒரு நண்பகலிலே, கீலின் ஓரமாக வெடித்துப் பிளந்தது.

வேறொரு துண்டில் மீளவுந் தொடங்கினோம். மனக்கலக்கத்தோடு கோடிட்டமையால் விரல்களை மாறி அறுத்தோம், அதுவும் பாழாயிற்று. அன்று உளிகளைப் பெட்டியில் இட்டு மூடியவர், பல மாசம் அதனைத் திறந்திலோம். கண் மங்கிவிட்டது என்றோம். ஐம்பது கடந்தவனுக்கு இது தகாது என்றோம். நல்ல மரம் கிடைப்பதில்லை என்றோம். சோம்பல் ஒருபோதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நியாயம் என்னும் வேடம் பூண்டே வரும்.

இதனினும் பெரிய தவறொன்றை மறையாது சொல்லல் வேண்டும். அந்நாட்களிலே ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனொருவன், தான் செய்த சிறு முக்காலியைக் கொண்டுவந்து காட்டினான். துளை அகன்று, அதனுட் செருகிய கால் ஆடியது. வேறொரு நாளாயின், “தம்பி, துளையைக் கோட்டுக்கு உள்ளே நின்று வெட்டு” என்று சொல்லியிருப்போம். எம்முள்ளே கிடந்த கசப்பினால், வகுப்பார் எல்லாருங் கேட்க, “உனக்கு இது வராது” என்றோம். அவன் ஒன்றுஞ் சொல்லாது முக்காலியை எடுத்துக்கொண்டு போனான். பின்னர் மரவேலைக் கொட்டிலின் பக்கம் வந்திலன்.

நவராத்திரி வந்தது. மகாநவமியன்று பாடசாலையிற் பூசைக்கு வைக்கும்பொருட்டு ஆயுதப்பெட்டியைத் திறந்தோம். மாரிக்காற்றின் ஈரம் பட்டு உளிகளின் முகமெல்லாம் துருவேறிக் கிடந்தன. கலைமகள் திருமுன்னே துருவை வைத்து வணங்குதல் எங்ஙனம்? வெட்கித் துடைத்துக்கொண்டிருக்கையில், பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தத்தம் புத்தகத்தையும் தாந்தாம் கையாளும் கருவியையும் வைத்து வணங்கினார்கள். அம்மாணாக்கன் புத்தகத்தை மாத்திரம் வைத்தான். முந்திய ஆண்டிலே அவன் தன் சிறிய உளியையும் வைத்தது எமக்கு நினைவிருந்தது.

அன்று மாலை, அயலிலுள்ள முதிய தச்சாசாரியார் ஒருவரிடஞ் சென்று எம் நிலையைச் சொன்னோம். அவர் நகைத்து, “வாத்தியார் ஐயா, மனம் வரட்டும் என்று பார்த்திருந்தால் மரம் உளுத்துப்போம். நாளைக்கு ஒன்றுஞ் செய்யவேண்டாம். ஓர் உளியை மாத்திரம் தீட்டி வையுங்கள்” என்றார்.

விசயதசமியன்று காலையில் அவ்வாறே செய்தோம். உளியின் பின்புறத்தைக் கல்லிற் படிய வைத்துத் தேய்த்தோம். முகத்தை 25 பாகைச் சரிவிலே சாணைபிடித்து, நுனியை 30 பாகையில் எண்ணெய்க்கல்லிலே தீட்டினோம். அரைமணி நேரத்தில் நுனி மின்னியது. மின்னிய உளியை வாளா வைத்திருத்தல் யாருக்கு இயலும்? கிடந்த வேப்பந்துண்டொன்றின் ஓரத்தைச் சீவினோம். சீவல் சுருண்டு விழுந்தது. வேம்பின் கார்ப்பு மணம் எழுந்தது. மறுநாள் இன்னோர் உளி. அதன் மறுநாள் ஓர் அகப்பைக் காம்பு. வார முடிவிலே ஒரு மணை. எந்த நாளில் ஊக்கம் வந்தது என்று சொல்ல அறியோம். திரும்பிப் பார்க்கையில் அது வந்திருந்தது.

அன்பர்களே, ஊக்கம் வந்தபின் வேலை செய்வோம் என்றிருப்பது, நீந்தக் கற்றபின் குளத்தில் இறங்குவோம் என்றிருப்பதை ஒக்கும். கை முன்னே செல்லும். மனம் பின்னே வரும். திருவள்ளுவர் ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்து, அதன்பின் மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்றையும் அடுத்தடுத்து வைத்த முறையை நோக்குக. ஊக்கம் ஒன்றே போதுமாயின் பின் மூன்றும் வேண்டா. மடி நீங்கி, முயற்சி தொடர்ந்து, இடுக்கண் வந்துழி அழியாதிருப்பாரிடத்தே ஊக்கம் நிலைபெறுகின்றது.

மேல்நாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். பின்லாந்து தேசத்திலே 1866ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கைப்பணியைப் பாடசாலைக் கல்வியிற் சேர்த்தது. சுவீடனில் ஒட்டோ சலமோன் என்பார் (1849–1907) நேஸ் என்னும் இடத்திலே ஆசிரியர்களுக்கு மரவேலை பயிற்றினார். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுக என்பதும், செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படுவதாகுக என்பதும் அவர் முறை. ஆதலின் அவர்தம் வரிசையில் முதற்கண் வருவன கத்தியாற் சீவும் சிறு பொருள்களே. யாமோ ஊக்கமிழந்த நாளிலும் வியாசபீடத்தையே நினைந்து நைந்தோம். அகப்பைக் காம்பை நினைந்திலோம்.

நம் சமயத்திலே இதற்குப் பூசலார் நாயனாரினும் சிறந்த சான்று யாது? திருநின்றவூரிலே சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பிய அப்பெருந்தகை, எங்கும் பொருள் தேடியும் சிறிதும் பெறாது வருந்தினார். அவ்வருத்தத்திலே நின்றுவிட்டிலர். கையில் எஞ்சியிருந்தது மனம் ஒன்றே, அதனைக்கொண்டே தொடங்கினார். மனத்தில் எடுக்கும் ஆலயந்தானே என்று வேலையில் ஒரு படியையும் குறைத்திலர். சாதனங்களைத் தேடினார், தச்சரைத் தேடினார், நன்னாள் பார்த்தார், இரவினும் உறங்காது அடிமுதல் சிகரம் ஈறாக முறையே எடுத்தார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். காடவர்கோன் கச்சியிலே கல்லால் எடுத்த ஆலயத்தினும் அதனையே முற்பட ஏற்றருளினார் இறைவர். உள்ளதைக்கொண்டு, ஒழுங்கு வழுவாது, இன்றே தொடங்குதல் என்னும் பாடம் இதனுள் அமைந்துள்ளதன்றோ?

விறகினுள்ளே நெருப்பு இல்லாமல் இல்லை, காணப்படாமல் இருக்கின்றது. கடைவாருக்கே அது வெளிப்படும் என்பதை அப்பர் சுவாமிகள் இறைவன் மறைந்து நிற்றற்கு உவமையாக அருளினார். அவ்வுவமையை மாணாக்கர் நெஞ்சுக்கும் பொருத்திப் பார்த்தல் நம் கடமை. ஈரம் ஆறாத பலகையின்மேல் உளியை ஓட்டினோம், முதிராத பிள்ளையின்மேற் சொல்லை ஓட்டினோம், இரண்டும் பிளந்தன. பலகை போயிற்று, அதற்கு வேறு பலகை உண்டு. பிள்ளைக்கு வேறு பிள்ளை உண்டோ?

ஆதலின் அவன் வீட்டுக்குச் சென்றோம். “தம்பி, எம் பீடமும் பிளந்துபோயிற்று, அந்தக் கோபத்தையே உன்மேற் காட்டினோம். பிழை எம்முடையது” என்றோம். அவன் நெடுநேரம் நிலத்தையே பார்த்திருந்து, “ஐயாவுக்கும் பிழைக்குமோ?” என்று கேட்டான். பிளந்த துண்டுகளைக் காட்டினோம். அவன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபின், எம்முடனே கொட்டிலுக்கு வந்தான்.

பழைய வீடொன்றின் கதவிலிருந்து கழற்றிய, நெடுங்காலம் உலர்ந்த வேப்பம்பலகையில் மூன்றாம் பீடத்தைத் தொடங்கினோம். கோடிட்டவர் யாம், ஒவ்வொரு கோட்டையும் மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தவன் அவன். தை மாசத்தில் முடிந்தது. அதன் கீல் சிறிது இறுக்கமுடையது. விரிக்கும்போது கிரீச்சென ஒலிக்கும். புராணம் தொடங்கும்போதெல்லாம் அவ்வொலி எம் பழம்பிழையை எமக்கு நினைப்பூட்டுகின்றது, அது நன்றே.

ஆசிரியர்களே, உங்களுள் எவரேனும் தொழிலிற் சலித்திருப்பின், பெரிய வேலையை இன்று நினையற்க. ஓர் உளியைத் தீட்டுக. உங்கள் மாணாக்கன் சலித்திருப்பின், அவன் பிழையை உரைக்குமுன் உங்கள் பிழையொன்றை உரைக்க. தீட்டிய கருவி சும்மா கிடவாது; தேற்றிய பிள்ளையும் சும்மா இரான். எல்லாத் தொழிலுக்கும் உள்நின்று ஊக்கும் சிவபெருமான் திருவருள் நம் கைக்கும் நெஞ்சுக்கும் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.