பித்தளைத் தாங்கியும் பற்றின் எல்லையும்

இல்லறத்தார் தம் வீட்டில் வைத்திருக்கும் பொருள் எதுவரையில் உபகரணம்? எப்பொழுது அது பரிக்கிரகமாக மாறுகிறது? இவ்வினாவை நிலம், பொன், மாளிகை ஆகியவற்றை வைத்தே ஆராய்வது வழக்கம். சிறுபொருள் ஒன்றை வைத்து ஆராய்வது இன்னும் பயன் தரும். பெரும்பொருளின்மீது நமக்கு விழிப்பு உண்டு. சிறுபொருளோ நாம் அறியாமலே உள்ளத்தில் இடம் பிடித்துக்கொள்கிறது.

மதுரையில் வாழும் சமணக் குடும்பம் ஒன்றின் கூடத்தில், பிரெஞ்சு நாட்டில் செய்யப்பட்ட பழைய பித்தளைப் பத்திரிகைத் தாங்கி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நாற்காலியின் அருகே தரையில் நிற்கும் சிறு தாங்கி அது. படிக்கும் இதழ்களைக் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தி வைப்பதே அதன் தொழில். இத்தகைய மேல்நாட்டுப் பழம்பொருள்களைத் தேடி வாங்குவதில் இன்று பலர்க்கு விருப்பம் மிகுந்துள்ளது. அருகனறம் அதனைக் குற்றம் என்று சொல்லுமா?

திகம்பரத் துறவியர் கொள்ளும் பொருள்கள் மூன்றே. உயிர்களுக்கு ஊறு நேராமல் விலக்க மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், அறிவுக்குச் சாத்திரம். இம்மூன்றையும் உடைமை என்று சொல்லாமல் உபகரணம் என்றே நம் ஆகமங்கள் வழங்குகின்றன. ஆகவே, அனைத்தையும் துறந்தார்க்கும் நூல் விலக்கன்று. நூல் உபகரணமானால், அதனைத் தாங்கும் பொருளும் இல்லறத்தார்க்கு உபகரணம் ஆகலாம் அன்றோ?

ஆகலாம், ஆயினும் ஒரு வரையறை உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள், பரிக்கிரகம் என்பதைப் பொருளின் அளவைக் கொண்டு விளக்கவில்லை. அதன்மேல் உள்ளம் கொள்ளும் மயக்கத்தைக் கொண்டே விளக்கினார். அணுவிரதங்களுள் ஐந்தாவதாகிய மிகுபொருள் விரும்பாமை, பொருளுக்கு எல்லை வகுக்கச் சொல்வதும் அம்மயக்கத்தைக் குறைப்பதற்கே ஆகும். வாரந்தோறும் புளியிட்டுத் துலக்கிப் பித்தளையைப் பொன்போல் ஒளிரச் செய்கிறோம்; அதில் நிற்கும் இதழையோ ஒருமுறையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்நிலையில் தாங்கி நூலுக்குத் துணையாக இல்லை. நூலே தாங்கிக்கு அணியாகிவிட்டது. உபகரணம் பரிக்கிரகமாக மாறும் இடம் இதுவே.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் இதற்கு நல்ல விளக்கம் தருகின்றன. மாங்குளம் மலையில், கணிநந்தாசிரியர் என்னும் துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் பள்ளி அமைத்துக் கொடுத்ததைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். அங்குள்ள கற்படுக்கைகளுக்குப் பூட்டு இல்லை, காவல் இல்லை. ஒருவர் எழுந்து சென்றால் மற்றொருவர் வந்து தங்கலாம். கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்தனர், படுக்கை நின்றது. வருபவரை ஏற்று, செல்பவரைத் தடுக்காது நிற்பதே உபகரணத்தின் இலக்கணம். நம் வீட்டுத் தாங்கியும் அவ்வாறு இருத்தல் வேண்டும். இதழ்கள் அதில் வந்து தங்கலாம், தேங்குதல் ஆகாது.

தேக்கம் பற்றினை மட்டும் வளர்ப்பதில்லை. கொலைக்கும் வழி செய்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் காகித அடுக்கில் தூசும் ஈரமும் சேர்கின்றன; பூச்சிகள் முட்டையிட்டுப் பெருகுகின்றன. பின்னர் ஒருநாள் அவற்றைக் கண்டு அருவருத்து மருந்து தெளிக்கிறோம். அவ்வுயிர்கள் அங்கே பிறக்க இடங்கொடுத்தவர் யார்? பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கிச் செய்க என்று ஆதான நிட்சேபண சமிதி துறவியரைப் பணிக்கிறது. இல்லறத்தார் அதனை முழுமையாகக் கைக்கொள்ள இயலாவிடினும், அதன் சாயலையேனும் பின்பற்றலாம். வைத்ததை அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே பூச்சி பிறவாமைக்கு வழி. கொல்லாமைக்கும் அதுவே வழி.

நம் முன்னோர் நூலைப் போற்றிய முறை வேறு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை, பொன்ன கவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். தமிழகத்தில், உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன், அதன் பொருளை அறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அங்கே சிந்தாமணிப் படனம் நிறைவுற்ற நாளை விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு வியந்தார். அவ்வில்லத்தார் கொண்டாடியது ஏட்டுச் சுவடியின் உடைமையை அன்று. படித்து முடித்த நிறைவையே. படிக்கும் மரபு அங்கே அறாமல் இருந்ததனாலன்றோ பொருள் அறிய வந்தவர்க்கு விடை கிடைத்தது!

இதனால் பித்தளைத் தாங்கியை வீட்டிலிருந்து அகற்றுக என்று கூறவில்லை. பழம்பொருளைப் பயன்கொள்வதால் புதிதாக உலோகம் உருக்கும் தேவை குறைகிறது, அது நன்றே. அழகை விரும்புதலும் இல்லறத்தார்க்கு இயல்பே. ஆயினும் வாங்குமுன் ஒரு வினாவும், வாங்கியபின் ஒரு வினாவும் கேட்டுக்கொள்க. நாம் வகுத்த எல்லைக்குள் இது அடங்குகிறதா? இதில் நிற்பது நம்மால் படிக்கப்பட்டுப் பிறர் கைக்குச் செல்கிறதா?

சுருத பஞ்சமி நாளில் ஆலயச் சாத்திரங்களை வெளியே எடுத்துத் தூசு நீக்கி வழிபடுகிறோம். அந்நாளில் இல்லத்துத் தாங்கியையும் வெறுமையாக்குவோம். படித்தவற்றை அடுத்த வீட்டார்க்கும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் அளிப்போம். அதுவும் சாத்திர தானத்தின் ஒரு கூறே. படியாதவற்றை அன்றே படிக்கத் தொடங்குவோம். நீங்கள் கையில் ஏந்தியுள்ள இவ்விதழுக்கும் இந்நெறி பொருந்தும். அடுத்த இதழ் வருமுன் இது உங்கள் இல்லத்தை விட்டு வேறோர் இல்லம் சேர்ந்திருக்குமாயின், தாங்கி வெறுமையாக நின்றாலும் அது தன் கடமையைச் செய்ததேயாகும்.