விளையாட்டிலும் தராசு உண்டு



நம் சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடியில் தராசைப் பார்க்காமல் யாரும் மீன் வாங்குவதில்லை. 50 கிராம் குறைந்தாலும் கேட்டுவிடுகிறோம். அளவையில் மோசம் செய்வோரைத் திருமறையின் 83-ஆம் அத்தியாயம், அல்முதஃப்பிஃபீன், எடுத்த எடுப்பிலேயே எச்சரிக்கிறது. தமக்கு வாங்கும்போது நிறைவாக வாங்குவதும், பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதும் அவர்களுடைய குணம் என்று அது காட்டுகிறது. இந்த எச்சரிக்கை கடைக்காரருக்கு மட்டுமே உரியதென்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அண்மையில் நாம் கண்ட ஒரு சம்பவம் அவ்வெண்ணத்தை மாற்றிற்று.

நம் வாலிபர்களிடையே இப்போது பிக்கிள்பால் என்னும் விளையாட்டுப் பரவி வருகிறது. 1965-இல் அமெரிக்காவில் தோன்றியது இது. கோர்ட்டு 44 அடி நீளம், 20 அடி அகலம். இருவர் இருவராக ஆடும் ஷட்டில் கோர்ட்டின் அளவேதான். துளைகளுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து ஆடுகிறார்கள். பழகுமிடங்களில் நடுவர் கிடையாது. பந்து எவர் பக்கம் விழுகிறதோ அவரே உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவே கோட்டைத் தொட்ட பந்து உள்ளேதான். சந்தேகம் வந்தால் எதிராளிக்கே சாதகமாகச் சொல்ல வேண்டும். இது அந்த விளையாட்டின் சட்டம். சிந்தித்துப் பாருங்கள்! தராசு நம் கையிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜ்ருக்குப் பின், நம் மஹல்லா வாலிபர்களோடு வாடகைக் கோர்ட்டு ஒன்றுக்கு நாமும் சென்றிருந்தோம். ஆட்டம் 10-க்கு 9 என்றிருந்தது. கோட்டருகே விழுந்த பந்தை ஒருவர் “வெளியே” என்றார். மற்றவர் “இல்லை” என்றார். வார்த்தை தடித்தது. விளையாட்டுத்தானே, நாளைக்குச் சரியாகிவிடுமென்று நாம் திரும்பிவிட்டோம். அது நம் தவறு. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், மறுநாள் முதல் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லாமல் சென்றார்கள். ஒரு முஸ்லிம் தன் சகோதரரை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்கியிருப்பது ஆகாதென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் அல்லவா?

மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் அந்த வாலிபர் நம்மிடம் தனியே வந்தார். “ஹழ்ரத், பந்து கோட்டின் மேல்தான் விழுந்தது. நான் பார்த்தேன்” என்றார். “அதை என்னிடம் சொல்லி என்ன பயன் தம்பி? உரியவரிடம் சொல்லுங்கள்” என்றோம். அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மறுநாள் பஜ்ரில் இருவரும் ஒன்றாக நின்றதைக் கண்டபோதுதான் நம் மனம் ஆறிற்று.

மார்க்கம் விளையாட்டை வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ஒருமுறை அன்னையார் முந்தினார்கள்; பின்னொரு முறை நாயகம் முந்தினார்கள். தோல்வியை எப்படி ஏற்பது என்பதற்கும் பாடம் உண்டு. நாயகத்தின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாதிருந்தது. கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தியே தீருவான் என்ற கருத்தைச் சொல்லி நாயகம் அவர்களைத் தேற்றினார்கள்.

பொது இடத்தில் ஆடுவோர் இன்னும் சில மனதில் கொள்ள வேண்டும். காத்திருப்போர் தம் மட்டைகளை வரிசையாக வைப்பது முறை. பிறர் மட்டையைத் தள்ளிவிட்டு நம் மட்டையை முன்னே வைப்பது, ஒருவரை எழுப்பிவிட்டு அவரிடத்தில் அமர்வதைப் போன்றது. அதை நாயகம் தடுத்திருக்கிறார்கள். புதிதாகக் கற்க வந்தவரை ஏளனம் செய்யாமல் ஒரு ஆட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பந்தின் சத்தம் ஷட்டிலைவிடப் பெரிது; இரவில் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காதீர்கள். தோற்றவர் வாடகை முழுவதும் கட்ட வேண்டுமென்று இரு தரப்பும் பேசி ஆடுவது சூதாட்டத்தின் வாடையுடையது. வாடகையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மஃக்ரிபை ஆட்டத்துக்காகத் தவறவிடாதீர்கள்.

பெற்றோர்களே! மகன் விளையாடிவிட்டு வந்ததும், “ஜெயித்தாயா?” என்றுதான் கேட்கிறோம். இனி, “நேர்மையாகச் சொன்னாயா?” என்று கேட்போம். ஒரு புள்ளிக்காகப் பொய் சொல்லப் பழகிய நாவு, நாளை ஒரு லட்சத்துக்காகவும் கூசாது.

கடையிலும் களத்திலும் தராசை நேராகப் பிடிக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.