பாதி வழியில் திரும்புவது தோல்வியா?

சுவிட்சர்லாந்தின் உயர்ந்த மலைகளில் சுவிஸ் ஆல்பைன் கிளப் சுமார் 150 தங்குகுடில்களை நடத்துகிறது. பனிக்காலத்தில் அவற்றின் பராமரிப்பாளர்கள் ஊருக்கு இறங்கிவிடுவார்கள். அப்போதும் பல குடில்களில் ஓர் அறையைப் பூட்டாமல் விட்டுப் போவது வழக்கம். வரப்போகிறவன் யார், எந்த ஊர், என்ன மதம்னு யாருக்கும் தெரியாது. வந்தால் ஒதுங்க இடம் இருக்கணும், அவ்வளவுதான். நம்ம முன்னோர் வீட்டு வாசலில் திண்ணை வைத்துக் கட்டியதும் இதே எண்ணத்தில்தான்.

எவரெஸ்ட்டின் மேல்பகுதியில் அப்படிப்பட்ட குடில் கிடையாது. சுமார் 7,900 மீட்டர் உயரத்தில், சவுத் கோல் என்ற இடத்தில், கூடாரங்கள் மட்டுமே. அதற்கும் மேலே போனால் அதுவும் இல்லை. மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே விழுந்தவனுக்கு இன்னொரு மனிதன்தான் குடில்.

1997 மே 23-ஆம் தேதி மகேந்திரனும் மோகன்தாஸும் முதல் மலேசியர்களாக அந்த உச்சியில் நின்றார்கள். அந்தப் பெருமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே மலையில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் நாம் பேசணும்னு நினைக்கிறேன்.

2023 மே 18. நேபாள வழிகாட்டி கெல்ஜே ஷெர்பா, சீனாவிலிருந்து வந்த ஒருவரை உச்சிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு மலேசியர் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். கெல்ஜே தன்னோடு வந்தவரிடம் பேசி, உச்சியை விட்டுத் திரும்பச் சம்மதிக்க வைத்தார். சவுத் கோல் வரை சுமார் 600 மீட்டர் இறக்க ஆறு மணி நேரம் பிடித்தது. அங்கிருந்து நிமா தாஹி ஷெர்பாவும் சேர்ந்துகொண்டார். படுக்கை விரிப்பில் சுற்றி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் மூன்றாம் முகாம் வரை கொண்டு வந்தார்கள். பிறகு ஹெலிகாப்டர். நம் நாட்டு மனிதர் பிழைத்தார்.

இதில் ஒரு கேள்வி எழலாம். ஸ்வதர்மம் என்று கீதை பேசுகிறதே, கெல்ஜேயின் கடமை வாடிக்கையாளரை உச்சி சேர்ப்பது இல்லையா? அந்த வாடிக்கையாளர் எத்தனை மாதம் உழைத்திருப்பார்! அன்றைக்கு நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டுமே 11,000 அமெரிக்க டாலர்.

நியாயமான கேள்விதான். ஆனா கெல்ஜே செய்ததைக் கவனியுங்கள். வாடிக்கையாளரை அம்போன்னு விட்டுவிட்டு ஓடவில்லை. யாருக்கு வாக்குக் கொடுத்தாரோ அவரிடமே கேட்டு, அந்த வாக்கிலிருந்து விடுதலை வாங்கினார். பெயர் தெரியாத அந்தச் சீனரும் தன் கனவை விட்டுக்கொடுத்தார். அவருடைய தியாகமும் சின்னது இல்லை.

அந்த உயரத்தில் எல்லாராலும் இன்னொருவரைச் சுமக்க முடியாது. முடியாதவனைக் குறை சொல்வது அநியாயம். முடிந்தும், ‘இது என் வேலை இல்லை’ன்னு நகர்ந்து போவதுதான் தவறு.

இதை நம்ம பத்துமலைக்குக் கொண்டு வருவோம். தைப்பூசத்தன்று 272 படிகளில் பால்குடத்தோடு ஏறுகிறீர்கள். 48 நாள் விரதம். முன்னால் ஒரு பாட்டி மயங்கி விழுகிறார். அலகு குத்திக் காவடி தூக்கியவரால் குனிய முடியாது. அது அவர் குற்றம் இல்லை. நம்மால் முடியும். குடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் பாட்டியைத் தாங்கினால் நேர்த்தி கெட்டுப்போகுமா? நேர்த்திக்கடன் முருகனுக்கு நேர்ந்தது. அதிலிருந்து விடுதலை தர வேண்டியவனும் அவன்தான். தாமதமாக வந்த பாலை அவன் வேண்டாம் என்பானா?

மடாலயத்தில் பிரார்த்தனை செய்வதைவிட ஓர் உயிரைக் காப்பாற்றுவது பெரிது என்று கெல்ஜே பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். அவர் பௌத்தர். ஆனாலும் இதில் நமக்கு அந்நியமாக ஒன்றும் இல்லை. உயிர் தோறும் இறைவன் இருக்கிறான் என்றுதானே நாமும் கோயிலில் கேட்டு வளர்ந்தோம்?

இளைஞர்களே, தேர்வு, வேலை, பதவின்னு நாம் எல்லாரும் ஏதோ ஒரு மலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏறுங்கள், விடாமல் ஏறுங்கள். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் அவசரத்தில் சாலையோரம் ஒருவர் விழுந்து கிடந்தால், கைப்பேசியில் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: என்னால் முடியுமா? முடியும்னா இறங்குங்கள். மலை நாளைக்கும் அங்கேயே இருக்கும்.