கணக்குப் போடுவது அவநம்பிக்கையா?

2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (பிற வங்கிகளுக்கு அது தரும் கடனுக்கான வட்டி), 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. அதோடு வீட்டுக்கடன் வட்டியும் ஏறியது. இருபது ஆண்டுக்கான 30 லட்சம் வீட்டுக்கடனுக்கு ஆறரை சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 22,400 ரூபாய், ஒன்பதில் 27,000. வேலைக்குப் போகும் தாயின் தூக்கம் கெடுவது இந்த இடைவெளியில்தான். பள்ளிக் கட்டணமும் மாமியாரின் மாத்திரையும் காத்திருக்காது.

நாளைக்காகக் கவலை வேண்டாம் என்றார் இயேசு. அப்படியானால் நள்ளிரவில் அவள் கணக்கு நோட்டைப் புரட்டுவது விசுவாசக் குறைவா?

நிச்சயமாக இல்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று லூக்கா நற்செய்தியில் சொல்பவரும் அவரே. வள்ளுவரோ, வரவுக்குள் அடங்கும் செலவைப் பற்றி அரசனுக்கான வலியறிதல் அதிகாரத்தில் பேசுகிறார். குடும்பக் கணக்குக்கு இதைவிடப் பெரிய மரியாதை எது?

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடனாளிக்குத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஜெபித்துவிட்டு, அவள் வங்கியில் அதைக் கேட்கலாம்.